பதினான்காம் எண் வகுப்பறை

பிப்ரவரி விடுமுறையில் ஓல்ஷ்டின் பள்ளிக்கூடங்கள் காலி.
மூன்று நாளைக்கு ஒன்றை எங்களுக்கு விடுவார்கள்,
கரும்பலகையில் இருப்பதை அழிக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

விண்கலத் தளபதிகள்
ஒன்றாம் வகுப்பு நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.
அட்டைப்பெட்டி ரோபோ ஒன்று
கழிப்பறை வாசலில் தவிக்கிறது,
கதவு குறுகல், கைகள் கழல மாட்டேன் என்கின்றன.
போஷேனா திருப்புளியோடு ஓடுகிறாள்.

என் கழுத்தில் பச்சை நாடா. விருந்தினர் என்று அர்த்தம்.
விருந்தினர் கையில் யாராவது துடைப்பம் கொடுப்பார்களா?
இருபத்திரண்டு வருடமாக வருகிறேன்,
கொடுக்கிறார்கள்.
நேற்று கோட்டுகளுக்குச் சீட்டு எழுதினேன்,
இன்று காலை நூற்று அறுபது பேருக்கு
வெள்ளரி ஊறுகாய் நறுக்கினேன்.
முதல் வருடம் என் கதையைக் கேட்டவர்கள் எட்டுப் பேர்,
அதில் ஒருவர் பள்ளிக் காவலாளி,
அறையைப் பூட்டக் காத்திருந்தவர்.

மூன்றாம் பாகம் எப்போது என்று
அந்தக் காலத்தில் கேட்ட பையன்
இப்போது தன் மகனை விட்டுக் கேட்க வைக்கிறான்.
அடுத்த வருடம் என்கிறேன்.
எந்தக் கிரகத்தின் வருடம் என்று மகன் கேட்கிறான்.
தேறிவிடுவான்.

மதியம் வின்சென்தி வந்தார்,
எல்க் நகரத்து வரி அலுவலகம்,
கையில் கட்டம் போட்ட நோட்டு.
"உங்கள் கலத்தில் முப்பத்தொரு பேர்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் காற்று தீர்கிறது.
தீர்ந்திருக்காது, அம்மா.
நாற்பதாம் பக்கத்தில் ஒரு சமையல்காரி
தொட்டியில் பாசி வளர்க்கிறாள்.
அது பதினோரு நாள் தாங்கும்.
மீட்புக்கலம் ஒன்பதாம் நாள் வருகிறது."

எனக்கு எந்தச் சமையல்காரியும் நினைவில் இல்லை.
பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.
ஒரே வரி. பெயர்கூட வைக்கவில்லை நான்.
அவருடைய நோட்டில் அவளுக்குப் பெயர் இருந்தது,
நான் குனிந்ததும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்,
காது வரை சிவந்து.

துயரம் வேண்டியிருந்தது, அதனால் சாகவிட்டேன் என்றேன்.
"அப்படியென்றால் பாசியையும்
முறைப்படி சாகவிட்டிருக்க வேண்டும்"
என்றார், நிலுவைத் தொகை சொல்லும் குரலில்.
மூன்று குளிர்காலம் கணக்குப் போட்டிருக்கிறார்.
நான் ஒரு பிற்பகலில் கொன்றவர்களுக்காக.

இரவு எல்லோருக்கும் வகுப்பறைத் தரைதான்.
எனக்கு விடுதி அறை உண்டு, போவதில்லை.
பதினான்காம் எண், வேதியியல்.
சுவரில் தனிமங்களின் அட்டவணை,
எட்டாவது கட்டத்துக்கு எவனோ மீசை வரைந்திருக்கிறான்.
மூலையில் ரோபோ, கைகளைக் கழற்றித் தலைக்கு வைத்து.
தூக்கப்பைகளை எண்ணினேன்:
இருபத்தாறு, என்னோடு இருபத்தேழு.
சாத்திய ஜன்னல், கொதிக்கும் வெப்பக்குழாய்,
ஈர சாக்ஸ், வெங்காயம், குறட்டை.
எத்தனை மணி நேரம் தாங்கும் என்று
மனசு தன்பாட்டுக்குக் கூட்டத் தொடங்கியது.
பெருக்கலில் நான் எப்போதும் மட்டம்.
எழுந்து போனேன்.

ஜன்னல் விளிம்பில் ஒரு ஜாடி,
பச்சைத் தண்ணீர்.
"தொடாதே. ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு" என்று சீட்டு.
தொட்டேன்.
குளிர் படாத பக்கம் நகர்த்திவிட்டு
ஜன்னலை ஒரு சாண் திறந்தேன்.
பனியின் வாசனை உள்ளே வந்தது.

"மூடித் தொலையுங்கள்" என்றது ஒரு பை.
"இருக்கட்டும், மூச்சு முட்டுது" என்றது இன்னொன்று.
"நடைமுறைப்படி வாக்கெடுப்பு வைக்க வேண்டும்"
என்று ஒரு கொட்டாவி.
கண் திறக்காமலே
கால் மணி நேரம் வாதாடினார்கள்,
மேடையில் காலையில் பேசியதைவிட நன்றாக.

நான் படுத்துக்கொண்டேன்.
நாளை ஊறுகாய் நறுக்க வின்சென்தியைக் கூப்பிட வேண்டும்.
இரண்டு கையிலும் வேலை கொடுத்தால்
நோட்டை மூட முடியாது.
அவள் பெயர் என்னவென்று பார்த்துவிடலாம்.